மன்னிப்பில்லாத பாவம் எது?



சில வருஷங்களுக்கு முன் நான் வேறொரு பங்கில் இருந்த காலத்தில் ஒரு பெரியவரைக் கண்டு பழகினேன். ஞாயிறு பூசைக்கு அவர் ஒருநாளும் தவறியதில்லை. கோவிலின் கடைசித் தூணோரம் முழந்தாளிட்டிருப்பார். எல்லோரும் நன்மை வாங்க எழுந்து போகும் வேளையில் அவர் மட்டும் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அதே இடத்தில் இருப்பார். குடிப்பழக்கம் இல்லை, இரண்டாம் சம்சாரம் இல்லை, ஊரில் யாருக்கும் ஒரு பைசா பாக்கி இல்லை. உபதேசியாரைக் கேட்டேன். "அவர் அப்படித்தான் சாமி, ரொம்ப வருஷமாக வாங்குவதில்லை" என்றார். அதற்குமேல் அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

ஒருநாள் சாயங்காலம் கோவில் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது நானே மெள்ளக் கேட்டுவிட்டேன். வெகுநேரம் பேசாதிருந்தார். பிறகு சொன்னார்: "சாமி, நான் செய்தது மன்னிப்பில்லாத பாவம். அதற்குப் பாவசங்கீர்த்தனம் கிடையாது."

அவர் சொன்ன கதை இதுதான். (பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்ட எதையும் குருவானவர் ஒருவர் வெளியே சொல்லக்கூடாது, இது திண்ணையில் கேட்டது. எழுதுவதற்கு அவரே உத்தரவும் கொடுத்தார். ஊரும் பேரும் மட்டும் வேண்டாம் என்றார்.) அவருக்கு ஏழு வயதில் ஒரு பெண்குழந்தை இருந்தது. காய்ச்சலில் கிடந்த குழந்தைக்காக இஸ்பிரீத்துசாந்துவுக்கு நவநாள் செய்தார்கள். ஒன்பதாம் நாள் இரவு குழந்தை இறந்துபோயிற்று. அந்த இரவில் துக்கவெறியில் அவர் இஸ்பிரீத்துசாந்துவைப் பெயர் சொல்லித் தூஷணித்தார். என்ன வார்த்தை என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சில மாதங்களுக்குப் பின் தியானப் பிரசங்கத்துக்கு வந்த ஒருவர், இஸ்பிரீத்துசாந்துவுக்கு விரோதமாகத் தூஷணம் சொன்னவனுக்கு இம்மையிலும் மறுமையிலும் மன்னிப்பில்லை என்று இடிமுழக்கம்போலச் சொல்லி, அதற்குமேல் விளக்கம் ஒன்றும் தராமல் போய்விட்டார். அன்றுமுதல் இவர் கடைசித் தூணோரம் வந்துவிட்டார். முப்பத்திரண்டு வருஷம்!

இவரைப்போல் வாய்விட்டுச் சொல்லாதவர்கள் நம் வீடுகளிலும் இருக்கக்கூடும். ஆகையால் இந்த வாரம் இந்தப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் சுவிசேஷத்தைப் பார்ப்போம். அர்ச். மத்தேயு தமது 12-ம் அதிகாரத்திலும், அர்ச். மாற்கு 3-ம் அதிகாரத்திலும், அர்ச். லூக்காஸ் 12-ம் அதிகாரத்திலும் இதை எழுதிவைத்திருக்கிறார்கள். குருடும் ஊமையுமாய்ப் பசாசின் பிடியில் கிடந்த ஒரு மனிதனைச் சேசுநாதர் குணமாக்குகிறார். அவன் பேசுகிறான், பார்க்கிறான். ஜனங்கள் பிரமித்து, இவர் தாவீதின் குமாரனாக இருப்பாரோ என்று தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். ஆனால் பரிசேயரும், ஜெருசலேமிலிருந்து இறங்கிவந்த வேதபாரகரும் என்ன சொன்னார்கள்? இவன் பெயல்செபூப் என்ற பசாசுகளின் தலைவனைக்கொண்டே பசாசுகளை ஓட்டுகிறான் என்றார்கள்.

இதிலே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நடந்தது பொய்யென்று அவர்கள் சொல்லவில்லை. குருடன் பார்த்ததை அவர்களும் கண்ணாரக் கண்டார்கள். நன்மை என்று தெரிந்ததையே தின்மை என்று பெயர்மாற்றினார்கள். வெளிச்சத்தைக் கண்டு, அது வெளிச்சம் என்று அறிந்து, அதை இருட்டு என்று ஊருக்குச் சொன்னார்கள். ஆண்டவர் இஸ்பிரீத்துசாந்துவின் வல்லமையால் செய்ததை அசுத்த அரூபியின் வேலை என்றார்கள். அர்ச். மாற்கு காரணத்தையும் கூடவே எழுதிவைக்கிறார்: அவரிடம் அசுத்த அரூபி இருக்கிறதென்று அவர்கள் சொன்னதனாலேயே ஆண்டவர் இப்படி எச்சரித்தார்.

இனி ஆண்டவர் சொன்னதை முழுவதும் கேட்க வேண்டும். நம்மில் அநேகர் பின்பாதியை மாத்திரம் கேட்டுப் பயந்துபோகிறோம். முன்பாதி என்ன? மனிதர் செய்யும் பாவங்கள் எல்லாம், அவர்கள் சொல்லும் தூஷணங்கள் எவ்வளவானாலும், மன்னிக்கப்படும் என்பதுதான். எல்லாம் என்ற அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுத்தான் ஒரு விலக்கைச் சொல்கிறார். ஒரு பெரிய வீட்டின் எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டு, ஒரே ஒரு இடத்தில் கிணறு இருக்கிறது, பார்த்துப் போ என்று தகப்பன் பிள்ளைக்குச் சொல்வதுபோல இருக்கிறது. பிள்ளை அந்தக் கிணற்றை நினைத்துப் பயந்து வீட்டுக்குள்ளேயே வராமல் தெருவில் நின்றால் தகப்பனுக்கு எப்படியிருக்கும்?

இன்னொன்றும் உண்டு. நீங்கள் அந்தப் பாவத்தைச் செய்து முடித்துவிட்டீர்கள், இனி உங்களுக்கு வழியில்லை என்று அந்த வேதபாரகரிடம் ஆண்டவர் சொன்னதாகச் சுவிசேஷத்தில் இல்லை. அவர்களைத் தம்மண்டை அழைத்துத்தான் பேசினார் என்று அர்ச். மாற்கு எழுதுகிறார். அழைத்துப் புத்தி சொல்வது எதற்கு? திரும்பி வரக்கூடியவனுக்குத்தானே எச்சரிக்கை! கதை முடிந்துபோனவனுக்கு ஒருவரும் எச்சரிக்கை சொல்வதில்லை.

சரி, மனுமகனுக்கு விரோதமாகச் சொன்னது மன்னிக்கப்படும், இஸ்பிரீத்துசாந்துவுக்கு விரோதமாகச் சொன்னது மன்னிக்கப்படாது என்றால், தமதிரித்துவத்தில் ஒருவர் பெரியவர் மற்றவர் சிறியவரா என்று நீங்கள் கேட்கலாம். அப்படியல்ல. மூன்று ஆட்களும் ஒரே சர்வேசுரன், மகிமையிலும் ஒன்றே என்பது சிறுபிள்ளைகளும் படித்த ஞானோபதேசம். வித்தியாசம் வேறே இடத்தில் இருக்கிறது. உயிர்த்த ஆண்டவர் அப்போஸ்தலர்கள்மேல் ஊதி, இஸ்பிரீத்துசாந்துவைப் பெற்றுக்கொள்ளச் சொல்லி, அந்த நொடியிலேயே பாவங்களை மன்னிக்கும் அதிகாரத்தைக் கொடுத்தார். அர்ச். அருளப்பர் சுவிசேஷம் 20-ம் அதிகாரத்தில் இதைக் காணலாம். 1973-ம் வருஷம் புதுப்பிக்கப்பட்ட பாவசங்கீர்த்தனச் சடங்கில் குருவானவர் சொல்லும் பாவப்பொறுத்தல் ஜெபத்திலும், பாவ மன்னிப்புக்காகவே இஸ்பிரீத்துசாந்து அனுப்பப்பட்டார் என்ற கருத்து இருக்கிறது. ஆகையால் மன்னிப்பு நம்மிடம் வந்து சேரும் வாய்க்கால் அவரே. மனிதன் ஒருவன் அந்த வாய்க்காலையே அடைத்துவிட்டு, வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் குற்றம் ஏரியிலா?

மனுமகனைக் குறித்துத் தவறிப் பேசினவர்கள் மன்னிப்புப் பெற்றதற்கு நமக்குப் பெரிய சாட்சிகள் இருக்கிறார்கள். அர்ச். இராயப்பர் சத்தியம்பண்ணி மறுதலித்தார். அர்ச். சின்னப்பர் தாம் முன்னே தூஷணம் சொல்கிறவனாகவும் திருச்சபையைத் துன்புறுத்துகிறவனாகவும் இருந்ததைத் தம் சீஷன் திமொத்தேயுவுக்கு ஒளிக்காமல் எழுதுகிறார். அறியாமல் செய்தபடியால் இரக்கம் பெற்றேன் என்று காரணமும் சொல்லுகிறார்.

இந்த வாக்கியத்தைச் சரியாய் விளங்கிக்கொள்ளாததால் திருச்சபையில் ஆதிகாலத்திலேயே பெரிய கலகம் உண்டாயிற்று. அதைக் கொஞ்சம் விரிவாய்ச் சொல்ல வேண்டும், ஏனென்றால் திருச்சபையின் மனம் இன்னதென்று அதில்தான் நன்றாய்த் தெரிகிறது.

250-ம் வருஷம் உரோமைச் சக்கரவர்த்தியான தேசியுஸ், பிரஜைகள் எல்லோரும் தேவர்களுக்குப் பலியிட்டு அத்தாட்சிச் சீட்டு வாங்க வேண்டுமென்று கட்டளையிட்டான். அந்தச் சீட்டுகள் சில எகிப்து தேசத்து மணலில் இன்றைக்கும் கிடைத்திருக்கின்றன. பாப்பரசர் அர்ச். பபியான் அந்த வருஷம் ஜனவரி மாதத்திலேயே வேதசாட்சியாய் இறந்தார். ஆனால் எல்லோரும் வேதசாட்சிகளா? அநேகர் பயந்து பலியிட்டார்கள். வேறு சிலர் பலியிடாமல் அதிகாரிகளுக்குப் பணம் கொடுத்துச் சீட்டு மாத்திரம் வாங்கிக்கொண்டார்கள். கலகம் ஓய்ந்தபோது இவர்கள் அழுதுகொண்டு கோவில் வாசலில் வந்து நின்றார்கள். இவர்களைச் சேர்ப்பதா, தள்ளுவதா?

உரோமையில் நொவாசியன் என்ற குரு இருந்தான். கல்வியில் பெரியவன், தமதிரித்துவத்தைக் குறித்து ஒரு நல்ல நூலும் எழுதினவன். அவன், விசுவாசத்தை மறுதலித்தவர்களைச் சேர்க்கத் திருச்சபைக்கு அதிகாரமே கிடையாது என்று நின்றான். 251-ல் அர்ச். கொர்னேலியுஸ் பாப்பரசராகத் தெரிந்துகொள்ளப்பட்டதும், அவர் இரக்கம் அதிகம் காட்டுகிறார் என்று சொல்லித் தன்னையே மேற்றிராணியாராக்கிக்கொண்டு பிரிந்துபோனான். ஆப்பிரிக்காவில் கார்த்தாகு நகர மேற்றிராணியாரான அர்ச். சிப்ரியான் கொர்னேலியுஸின் பக்கம் நின்றார். விழுந்தவர்களுக்குத் தவம் உண்டு, ஒருவன் செய்த குற்றத்துக்குத் தக்கபடி தவத்தின் காலம் நீளும், ஆனால் கதவை மூட நமக்கு உரிமையில்லை என்பதே இவர்கள் தீர்மானம். அந்த வருஷமே உரோமையில் அறுபது மேற்றிராணிமார் கூடி நொவாசியனை விலக்கினார்கள்.

அவனுடைய கூட்டத்தார் தங்களைச் சுத்தர் என்று சொல்லிக்கொண்டார்கள். 325-ல் கூடிய நிசேயா பொதுச் சங்கம், அந்தச் சுத்தர்களின் குருக்கள் திரும்பி வந்தால், கலாபனையில் விழுந்து தவம் செய்தவர்களோடு ஒரே பந்தியில் ஐக்கியமாயிருக்கச் சம்மதித்து எழுதிக்கொடுக்க வேண்டும் என்று 8-ம் சட்டத்தில் விதித்தது. 13-ம் சட்டத்தில், மரண அவஸ்தையில் இருக்கிறவனுக்கு வழித்துணையான நற்கருணையை மறுக்கக்கூடாதென்று சொல்லியது. கடுமையான காலம் அது. தவம் வருஷக்கணக்காய் நீண்ட காலம். அந்தக் காலத்திலேயே திருச்சபை இப்படிச் சொன்னது.

நொவாசியனைப்போல நம் ஊரிலும் ஆட்கள் இல்லாமலில்லை. கெட்டுப்போன பெண் ஒருத்தி பத்து வருஷம் கழித்துக் கோவிலுக்கு வந்தால், இவளுக்கு இங்கே என்ன வேலை என்று முன்வரிசையில் குசுகுசுப்பு எழுகிறதே! பிறனுடைய ஆத்துமம் நன்மை அடைவதைக் கண்டு பொறாமைப்படுவதும் இஸ்பிரீத்துசாந்துவுக்கு விரோதமான பாவங்களில் ஒன்று என்பதை அந்த முன்வரிசையாருக்கு நினைப்பூட்டுகிறேன்.

மேற்படி வாக்கியத்துக்கு அர்த்தம் சொன்ன வேதசாஸ்திரிகளில் இருவரைப் பார்த்தால் போதும். அர்ச். அகுஸ்தீன் இதற்கென்றே ஒரு நீண்ட பிரசங்கம் செய்திருக்கிறார். வேதாகமம் முழுவதிலும் இதைவிடப் பெரிதும் கடினமுமான கேள்வி வேறே இல்லையோ என்னவோ என்று அவரே சொல்லித் தொடங்குகிறார். ஆகையால் நமக்கு இது உடனே விளங்காவிட்டால் வெட்கப்பட வேண்டாம். அவருடைய முடிவு என்னவென்றால்: இஸ்பிரீத்துசாந்துவுக்கு விரோதமான தூஷணம் வாயிலிருந்து தவறி விழுந்த ஒரு சொல்லல்ல, மனந்திரும்பாத இருதயத்தோடு சாகுமட்டும் மன்னிப்பை எதிர்த்து நிற்பதே அந்தத் தூஷணம். அப்படியானால் உயிரோடிருக்கிற எவனைக் காட்டியும், இவன் மன்னிப்பில்லாத பாவத்தைச் செய்துவிட்டான் என்று நாம் சொல்லமுடியாது. அவனவன் தன்னைக் குறித்தும் அப்படிச் சொல்லக்கூடாது. மூச்சு இருக்குமட்டும் அந்தக் கணக்கு முடியவில்லை.

அர்ச். அக்வீனாஸ் தோமையார் இதை வியாதிக்கு ஒப்பிடுகிறார். சில வியாதிகள் தன்மையிலேயே தீராதவை, ஏனென்றால் குணமடைய உதவுகிற காரியங்களையே அவை கெடுத்துவிடுகின்றன. நோயாளிக்குச் சோறும் இறங்கவில்லை, மருந்தும் இறங்கவில்லை என்றால் வைத்தியர் என்ன செய்வார்? அப்படியே இந்தப் பாவமும். மற்றப் பாவங்கள் பலவீனத்தாலோ அறியாமையாலோ வருகின்றன. இது தெரிந்தே, மனதார, பாவத்தைத் தடுக்கும் காரியங்களைத் தூக்கி எறிவதால் வருகிறது. இவ்வளவும் சொல்லிவிட்டு அந்தப் பெரிய சாஸ்திரி இன்னொன்றையும் சேர்க்கிறார். அதை நம் பிரசங்கிகள் மறந்துவிடுகிறார்கள். சர்வ வல்லவரும் இரக்கமுள்ளவருமான சர்வேசுரனுக்கு இதனால் வழி அடைபட்டுப்போவதில்லை. சிலவேளை அவர் புதுமைபோல இப்படிப்பட்டவர்களையும் குணமாக்குகிறார் என்கிறார். மன்னிப்பில்லாதது என்ற பெயர் அந்த வியாதியின் தன்மையைக் குறிக்கிறது. வைத்தியருடைய கையாலாகாத்தனத்தை அல்ல.

நமது காலத்திலும் பாப்பரசர் அர்ச். இரண்டாம் அருள் சின்னப்பர், 1986-ம் வருஷம் மே மாதம் 18-ந் தேதி இஸ்பிரீத்துசாந்துவைக் குறித்து எழுதிய சுற்றுமடலில் இதையே போதித்தார். அந்தத் தூஷணம் வார்த்தையால் அவரை நிந்திப்பதில் அடங்கியதல்ல, அவர் வழியாகச் சர்வேசுரன் தரும் இரட்சணியத்தை ஏற்றுக்கொள்ள மறுப்பதில் அடங்கியிருக்கிறது என்றார். 1992-ல் வெளியான திருச்சபையின் ஞானோபதேசமும், தேவ இரக்கத்துக்கு எல்லை இல்லை என்று சொல்லி, மனஸ்தாபப்பட்டு அதைப் பெற மனதார மறுக்கிறவனே மன்னிப்பைத் தள்ளிவிடுகிறான் என்று தெளிவாக்குகிறது.

பழைய ஞானோபதேசத்தில் இந்தப் பாவங்களை ஆறாகப் பிரித்துச் சொல்வார்கள். பிறர் நன்மையில் பொறாமையை மேலே சொன்னேன். அறிந்த சத்தியத்தை எதிர்ப்பது, பாவத்திலே பிடிவாதம், மனஸ்தாபப்படாமலே சாகத் தீர்மானிப்பது என்ற மூன்றும் ஒரே வேரின் கிளைகள். அண்ணனும் தம்பியும் வரப்புக்காக இருபது வருஷம் பேசாதிருக்கிறார்கள். குற்றம் தன்மேல் என்று அண்ணனுக்குத் தெரியும். பத்திரத்தைப் பார்த்தவன் அவன்தான். ஆனாலும், "செத்தாலும் அவன் வாசலை மிதிக்கமாட்டேன், என் சாவுக்கும் அவன் வரக்கூடாது" என்று சொல்லி வைத்திருக்கிறான். இது வெறும் கோபம் என்று நினைக்கிறான். அவன் இருக்கும் இடம் அந்தக் கிணற்றோரம் என்பதை அவன் அறிந்தால் நல்லது.

மிஞ்சிய இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை: இரக்கத்தை மிஞ்சி நம்புவதும், நம்பிக்கையை இழப்பதும். முதலாவது வாலிபர்களின் வியாதி. இப்போது எப்படியும் இருக்கலாம், கடைசியில் சாமியாரைக் கூப்பிட்டு அவஸ்தை பூசிக்கொள்ளலாம் என்கிறான். சாலையில் லாரி வந்து மோதுகிறபோது சாமியாரைக் கூப்பிட நேரம் கேட்டு நிற்குமா? இதைப்பற்றி அடிக்கடி பிரசங்கத்தில் கேட்கிறீர்கள், ஆகையால் நீட்டவில்லை.

நம்பிக்கை இழப்பதே நமது பெரியவரின் வியாதி. இதைப்பற்றிப் பிரசங்கத்தில் நாம் குறைவாகவே பேசுகிறோம். என் அபிப்பிராயத்தில் அது தவறு.

அர்ச். பிரான்சிஸ்கு சலேசியாரை அறிவீர்கள். 1906-ல் தஞ்சாவூருக்கு வந்த சலேசிய சபையார் அவருடைய பெயரைத் தாங்கினவர்களே. சாந்தகுணத்துக்கு அவரைப்போல் ஒருவரைக் காண்பது அரிது. ஆனால் பாரீஸ் நகரில் சேசுசபையார் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, 1586-ம் வருஷக் கடைசியில், பத்தொன்பது வயதில், தாம் நரகத்துக்கென்றே குறிக்கப்பட்டவர் என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. ஆறு வாரமளவும் சாப்பாடும் தூக்கமும் இல்லை. உடம்பு உருகிப்போயிற்று. கடைசியாக ஒருநாள் அர்ச். முடியப்பர் கோவிலுக்குள் போய்த் தேவமாதா சுரூபத்தின் முன் விழுந்தார். மறுமையில் உம்மை நேசிக்க எனக்குக் கொடுத்துவைக்காவிட்டால், இம்மையிலாவது முழுமனதோடு நேசிக்க வரம் தாரும் என்ற கருத்தில் ஆண்டவரை மன்றாடினார். அங்கே பலகையில் எழுதியிருந்த, மிகவும் இரக்கமுள்ள தாயே என்று நாமும் சொல்லும் அந்த ஜெபத்தைச் சொல்லி முடித்தார். பாரம் செதிள்போல் உதிர்ந்து விழுந்தது என்று சொல்லுவார்கள். பின்னாளில் அவர் ஜெனீவா மேற்றிராணியாராகி, எத்தனையோ கலங்கிய ஆத்துமங்களுக்கு ஆறுதல் சொன்னார். கலங்கினவருக்கே கலக்கம் தெரியும்.

அந்த இரவில் இராயப்பரும் விழுந்தார், யூதாசும் விழுந்தான். யூதாஸ் மனம் வருந்தவில்லை என்று நினைக்காதீர்கள். தான் காட்டிக்கொடுத்தது குற்றமற்ற இரத்தம் என்று ஒத்துக்கொண்டான்; முப்பது வெள்ளிக்காசையும் தேவாலயத்தில் எறிந்துவிட்டான். ஆனால் அவன் போனது பிரதான குருக்களிடம். அவர்கள், அது எங்களுக்கென்ன என்று கைகழுவினார்கள். ஆண்டவரிடம் அவன் போகவில்லை. இராயப்பர் வெளியே போய் அழுதார்; பிறகு கடற்கரையில் ஆண்டவரைக் கண்டதும் படகு கரை சேருமட்டும் காத்திராமல் தண்ணீரில் குதித்தார். இவ்வளவு சொன்னாலும், யூதாசைக் குறித்தும் நாம் தீர்ப்பு எழுத வேண்டாம். திருச்சபை அநேகருக்கு அர்ச்சியசிஷ்டப் பட்டம் கொடுத்திருக்கிறது. இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று ஒருவருக்கும் பட்டம் கொடுத்ததில்லை.

1887-ல் பாரீஸ் நகரில் பிரான்சினி என்பவன் இரண்டு பெண்களையும் ஒரு சிறுமியையும் கொன்றதாகத் தீர்ப்படைந்தான். பாவசங்கீர்த்தனம் செய்ய மறுத்தான். லிசியே நகரில் பதினாலு வயதுச் சிறுமி ஒருத்தி அவனுக்காக ஜெபம்பண்ணி, மனஸ்தாபத்துக்கு ஒரு சிறு அடையாளம் மாத்திரம் தரும்படி ஆண்டவரைக் கேட்டாள். ஆகஸ்டு மாதம் 31-ந் தேதி கொலைக்களத்தில் ஏறினபின், அவன் சட்டென்று திரும்பிக் குருவானவர் கையிலிருந்த பாடுபட்ட சுரூபத்தை வாங்கி மூன்றுதரம் முத்தி செய்தான். அதைப் பத்திரிகையில் வாசித்து அழுத அந்தச் சிறுமிதான், 1925-ல் பீடமேறிய அர்ச். குழந்தை தெரேசம்மாள்.

இங்கே இரண்டு காரியங்களை வீட்டாருக்குச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இவற்றைக் குறித்துப் பெண்கள் தனியே அழுவதை அறிவேன். கருவை அழித்த பாவத்துக்கு மன்னிப்பில்லை என்ற பேச்சு ஊரில் இருக்கிறது. பெரும் பாவம்தான், அதைச் சிறிதாக்க நான் வரவில்லை. அந்தப் பாவத்தை மன்னிக்க முன்னே குருவானவருக்கு மேற்றிராணியாரின் தனி உத்தரவு வேண்டியிருந்ததால் இப்படி ஒரு பேச்சு உண்டாயிற்று. உத்தரவு வேண்டும் என்பது வேறே, மன்னிப்பில்லை என்பது வேறே. காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ், 2016-ம் வருஷம் நவம்பர் 20-ந் தேதி எழுதிய கடிதத்தில், அதை மன்னிக்கும் அதிகாரத்தை எல்லாக் குருக்களுக்குமே கொடுத்துவிட்டார்.

மற்றது, தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவர்கள். 1917-ம் வருஷச் சட்டத்தில், மனதறிந்து அப்படிச் செய்து மனஸ்தாப அடையாளம் ஒன்றும் காட்டாமல் இறந்தவர்களுக்குத் திருச்சபை அடக்கம் இல்லையென்றிருந்தது. 1983-ம் வருஷப் புதுச் சட்டத்தில் அவர்கள் பெயர் அந்த வரிசையில் இல்லை. புத்திக்கலக்கமும் கொடிய துன்பமும் மனிதனுடைய பொறுப்பைக் குறைக்கும் என்றும், சர்வேசுரன் தாம் மாத்திரம் அறிந்த வழிகளில் அவர்களுக்கு மனஸ்தாபப்படச் சமயம் கொடுக்கக்கூடும் என்றும் திருச்சபை போதிக்கிறது. அவர்களுக்காக ஜெபிக்கவும் செய்கிறது. மகனை இப்படி இழந்த தாயிடம் போய் அவன் நரகத்துக்குப் போனான் என்று சொல்கிறவர்கள், எந்த ஞானோபதேசத்தில் அதைப் படித்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தத் தாய் அவன் பேருக்குப் பூசை ஒப்புக்கொடுக்கட்டும்.

திண்ணைக்குத் திரும்புவோம். இதையெல்லாம் நான் அன்று பெரியவருக்குச் சொல்லவில்லை. ஒன்றுதான் கேட்டேன்: "ஐயா, அன்று சொன்ன வார்த்தைக்காக எப்போதாவது மனம் வருந்தினீர்களா?"

"எப்போதாவதா? தினமும் சாமி. படுக்கும்போதும் எழும்பும்போதும்."

"அந்த வருத்தத்தை உங்கள் மனதில் எழுப்பிக்கொண்டிருப்பவர் யார் என்று நினைத்தீர்கள்? பசாசா பாவத்துக்காக அழ வைக்கும்?"

அவர் பதில் சொல்லவில்லை. முப்பத்திரண்டு வருஷமாக இஸ்பிரீத்துசாந்துவானவர் அந்த மனிதனைக் கைவிடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கூப்பிட்ட சத்தத்தையே தண்டனைத் தீர்ப்பு என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பாவத்தைச் செய்துவிட்டேனோ என்று பயப்படுகிறவன் அதைச் செய்யவில்லை என்பதற்கு அந்தப் பயமே பெரிய அடையாளம் என்று அனுபவமுள்ள குருக்கள் சொல்லுவார்கள். கல்லாய்ப்போன மனது பயப்படாது. குழந்தையைப் பறிகொடுத்தவன் இருட்டில் கதறினதைச் சர்வேசுரன் வேதபாரகரின் சூதோடு சேர்த்து எண்ணுவாரா? சொல்லக்கூடாத சொல்தான், அதற்கும் மனஸ்தாபம் வேண்டும். ஆனால் மன்னிக்கப்படும் பாவங்களின் வரிசையில்தான் அது இருக்கிறது.

வெகுநேரம் கழித்து அவர் கேட்டது இதுதான்: "இத்தனை வருஷத்தையும் எப்படி சாமி கணக்குச் சொல்வது? எனக்கு ஞாபகமில்லையே."

உங்களில் யாருக்காவது அதே கேள்வி இருக்கலாம், ஆகையால் பதிலையும் எழுதுகிறேன். எத்தனை வருஷமாயிற்று என்று முதலில் சொல்லுங்கள். தொடங்கத் தெரியவில்லையென்றால், தெரியவில்லை, நீங்களே கேளுங்கள் என்று குருவானவரிடம் சொல்லுங்கள்; அவர் ஒவ்வொன்றாய்க் கேட்பார். ஞாபகமுள்ள சாவான பாவங்களைச் சொன்னால் போதும். எத்தனை தரம் என்று தெரியாவிட்டால் ஏறக்குறைய இவ்வளவு என்று சொல்லலாம். யோசித்துப் பார்த்தும் நினைவுக்கு வராமல் விடுபட்டதும் மற்றவைகளோடு மன்னிக்கப்படும். பிறகு ஞாபகம் வந்தால் அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம். மனஸ்தாப மந்திரம் மறந்துபோயிருந்தால் கூடவே சொல்லிக்கொடுப்பார். ஒருதரம் நன்றாய்ச் சொல்லி மன்னிப்புப் பெற்ற பழைய பாவங்களைத் திரும்பத் திரும்பத் தோண்ட வேண்டாம். அர்ச். இஞ்ஞாசியாரும் 1522-ல் மன்ரேசாவில் அப்படித் தோண்டி உயிரையே மாய்த்துக்கொள்ளும் எண்ணம்வரை போனார். பழையதை விட்டுவிடத் தீர்மானித்த பிறகே அவருக்குச் சமாதானம் வந்தது.

அந்தப் பெரியவர் பிற்பாடு பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வந்தாரா என்று என்னைக் கேட்காதீர்கள். அதை நான் சொல்லக்கூடாது.

நமது கோவிலில் சனிக்கிழமை மாலை 5 மணி முதல் 7 மணி வரையும், ஞாயிறு முதற்பூசைக்கு முன் அரைமணி நேரமும் பாவசங்கீர்த்தனம் கேட்கப்படும். நடக்க முடியாதவர்கள், படுக்கையில் இருப்பவர்கள் உபதேசியாரிடம் சொல்லி அனுப்பினால் நானே வீட்டுக்கு வருகிறேன்.